அரக்கு வைத்த அண்டா

போன வாரம் திவ்யா என்றொரு பெண் போன் செய்தாள். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உணவு ஆய்வாளர். "சார், எங்க ட்ரெயினிங்ல உங்க கேஸ் ஒண்ணு வருது. கொல்லிமலை கேஸ். உடனடி நடவடிக்கைக்கு முன்மாதிரின்னு போட்டிருக்காங்க. நீங்களே வந்து ஒரு மணி நேரம் பேசினா நல்லா இருக்கும்" என்றாள். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இதுவரை என்னை முன்மாதிரி என்று யாரும் சொன்னதில்லை, என் மனைவி உட்பட. எந்தக் கேஸ் அம்மா என்று கேட்டேன். சோளக்காட்டில் ஒரு மெஸ்ஸை ஒரே நாளில் மூடிய கேஸ் என்றாள்.

முன்மாதிரியாம்! எனக்கு வாயில் வந்ததை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்? பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். "ரெண்டு பக்கத்துல குடுங்க சார்" என்றாள். இப்போதெல்லாம் ஆய்வுக்குப் போனால் போனிலேயே கட்டம் கட்டமாக டிக் அடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. நான் டிக் அடிக்கத் தெரியாத காலத்து ஆள். இரண்டு பக்கத்தில் முடியாது.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவன் அல்ல. கடலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பட்டப்படிப்பு முடித்து, பரீட்சை எழுதி, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன். ஓராண்டுப் பயிற்சி. பாலில் தண்ணீர் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீரில் பால் கலந்திருப்பதை விடுதியில் நாங்களாகவே கற்றுக்கொண்டோம். பிறகு நாலைந்து ஊர்கள், நாலைந்து மேலதிகாரிகள். அப்புறம் கொல்லிமலை. மலைக்குப் போட்டால் தண்டனை என்று பேச்சு. நான் எந்தத் தப்பும் செய்யவில்லையே என்று தலைமை எழுத்தரிடம் கேட்டேன். "அதான்யா, தப்பு செஞ்சவனெல்லாம் ஆளப் புடிச்சு கீழயே இருந்துக்கறான்" என்றார்.

பயிற்சியில் எனக்கு ஒழுங்காக வந்தது ஒன்றே ஒன்று, மாதிரி எடுப்பது. இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறேன். கடைக்காரரிடம் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பொருளை மூன்று பங்காகப் பிரித்து, ஈரமில்லாத மூன்று பாட்டில்களில் போட வேண்டும். கெடாமல் இருக்கச் சில சொட்டு மருந்து விட வேண்டும். மூடியை இறுக்கி, சீட்டு ஒட்டி, தடித்த தாளில் சுற்றி, கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரி வாங்க வேண்டும். அப்புறம் நூல், குறுக்கும் நெடுக்கும். அதன்மேல் நாலு அரக்கு முத்திரை: தலையில் ஒன்று, அடியில் ஒன்று, உடம்பில் இரண்டு. அரக்கை அதிகம் உருக்கினால் வழியும், குறைத்தால் பித்தளை முத்திரையில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவரும். என் முத்திரை மட்டும் அச்சு குத்தின மாதிரி விழும். மாவட்டத்திலேயே நல்ல முத்திரை என்று பெயர். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, மிளகு மூட்டையும் அன்னாசியும் குவித்திருக்கும் கடைகளுக்குப் பின்னால் இருந்தது அஜீஸ் பாயின் மெஸ். நாலு பெஞ்சு, தகரக் கூரை, பெயர்ப்பலகை கிடையாது. பாய் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்காரர். மிளகு வாங்கி விற்கலாம் என்று மலை ஏறியவர். "நான் வாங்குனா வெல எறங்குதுங்க, வித்தா ஏறுதுங்க. சரி, அடுப்பையாவது பத்த வெப்போம்னு ஒக்காந்துட்டேன்" என்பார். சமைப்பது அவர் மனைவி பாத்திமா, எங்கள் எல்லோருக்கும் அக்கா. பரிமாறுவது பாய்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் கிடையாது. காலை முதல் பஸ்ஸில் சேந்தமங்கலத்தில் இருந்து கறி ஏறி வந்தால் கறி. பஸ் வழியில் நின்றுவிட்டால் தால்சா. பருப்புக் குழம்பில் பலாக்கொட்டை போட்டு, மலை மிளகு தட்டிப்போட்ட தால்சா. பஸ் நிற்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். புதிதாக மாற்றலாகி வருகிறவர்களுக்கு ஒரு வாரம் கறி கிடையாது. ரசமும் சோறும்தான். கேட்டால், "எழுவது வளைவு ஏறி வந்த வவுறுங்க. ஒரு வாரம் போவட்டுமுங்க" என்பார். ஒருமுறை ஒரு பேங்க் மேனேஜர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்துபோனார். இரண்டாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, ரசம் இருக்கிறதா என்று கேட்டார்.

பாயிடம் ஒரு சட்டம் உண்டு. சோற்றை மொத்தமாக வடிக்க மாட்டார். பதினொன்றரைக்கு ஒரு உலை, பன்னிரண்டரைக்கு ஒரு உலை, ஒன்றரைக்கு ஒரு உலை. ஒரு உலை தீர்ந்தால் அடுத்தது இறங்குகிறவரை யாராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் வருவாய்த்துறையில் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பை விட்டு இறங்கி வந்து, இலை முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அவரோடு வந்த டவாலிச் சேவகருக்குப் பதற்றம். "பாய், யாருன்னு தெரியுமா?" என்றார். "எனக்குத் தெரியுதுங்க, அடுப்புக்குத் தெரியலையே" என்றார் பாய். அந்த அதிகாரி சிரித்துவிட்டார், பசியில் வேறு என்ன செய்வார்! இரண்டு மணிக்கு மேல் பாய் கடையில் சோறு இருக்காது. அடைத்துவைத்த சோறு என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

மூன்று வேளையும் அங்கேயே தின்றுகொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கடையை நான் ஆய்வு செய்ய வேண்டும். அன்றைக்கு மட்டும் முகத்தை மாற்றிக்கொள்வேன். பாயும் மாற்றிக்கொள்வார். "வாங்க சார், ஆருங்க நீங்க?" என்பார். குறை ஒன்றும் இல்லை என்று எழுதினால் மேலே சந்தேகப்படுவார்கள். அதற்காக பாய் ஒரு மூலையைப் பெருக்காமல் விட்டிருப்பார். "இந்தா பாருங்க, உங்களுக்குன்னே ஒரு ஒட்டடை வளத்து வெச்சிருக்கேன்" என்று காட்டுவார். நான் எழுதிக்கொள்வேன். அடுத்த ஆய்வில் "குறை நிவர்த்தி செய்யப்பட்டது" என்று ஒரு வரி. இப்படி ஏழு வருடம் அரசாங்கமும் நல்லபடியாக நடந்தது, என் வயிறும் நல்லபடியாக நடந்தது.

கடைசி இரண்டு வருடத்தில்தான் உபவிதி ஐயா எங்கள் மேலதிகாரியாக மாவட்டத்துக்கு வந்தார். அவருடைய உண்மையான பெயர் வேண்டாம். விதி என்று ஆரம்பித்தால் உபவிதியில்தான் நிற்பார், அதனால் எங்களுக்குள் அந்தப் பெயர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. உட்காருமுன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பார், அப்புறம் கைக்குட்டையை இன்னொரு கைக்குட்டையால் துடைப்பார். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து மூன்று அடுக்குக் கேரியர் வரும். அவரிடம் என்ன சொன்னாலும் ஒரே கேள்வி, "எழுத்துல இருக்கா?" எங்கள் டிரைவர், மாமியார் இறந்துவிட்டார் ஐயா, லீவு வேண்டும் என்று அழுதபடி நின்றார். "எழுத்துல இருக்கா?" என்றார். டிரைவர் அழுகையை நிறுத்திவிட்டுத் தாள் தேடப் போனார்.

அவர்தான் சோளக்காட்டில் ஒரு முகாம் நடத்த உத்தரவு போட்டார். தலைப்பு, பாதுகாப்பான உணவு. குண்டனி நாடு வரைக்கும் உள்ள மலையூர்களில் இருந்தெல்லாம் அங்கன்வாடி அம்மாக்கள், பள்ளிச் சமையல்காரர்கள், டீக்கடைக்காரர்கள் என்று நாற்பது பேரை வரச்சொன்னோம். நாமக்கல்லில் இருந்து பெரிய விருந்தினர் ஒருவர் பதினோரு மணிக்கு வந்து தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. மத்தியானச் சாப்பாடு பாய் கடையில் இருந்து. அரசு நிகழ்ச்சி என்பதால் சைவம்: நெய்ச்சோறு, தால்சா, தேங்காய்த் துவையல். எல்லாம் காலை எட்டரைக்கே சமுதாயக் கூடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டதும் பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க சார், மத்தியானச் சாப்பாட்ட வெடியாலயே கேக்கறீங்க? பன்னண்டுக்கு ஒரு அடுப்பு, ஒரு மணிக்கு ஒரு அடுப்புன்னு சுடச்சுட எறக்கித் தாரேனுங்க."

"ஐயா உத்தரவு பாய். முன்னாடியே மாதிரி எடுக்கணுமாம். அப்புறம் சாப்பிடற வரைக்கும் யாரும் கை வைக்காமப் பாத்துக்கணுமாம்."

"ஆருங்க கை வெப்பா? இந்த மலைல நம்ம தால்சாவுல வெசம் வெக்கறதுக்கு ஆருக்கு நேரமிருக்குது?"

"உத்தரவுன்னா உத்தரவு பாய்" என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அரிசி அளக்கப் போனார்.

முகாம் அன்று காலை எட்டரைக்கு அண்டாக்கள் வந்தன. நெய்ச்சோறு இரண்டு அண்டா, தால்சா ஒரு அண்டா, ஒரு தூக்கில் துவையல். ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு ஐயா வந்தார். நான் மாதிரி எடுத்தேன், பாட்டிலில் போட்டேன், முத்திரை வைத்தேன். ஐயா ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு அண்டாவைப் பார்த்தார். "பாட்டில்ல இருக்கறதுக்கு முத்திரை இருக்கு. அதே உணவு இதுலயும் இருக்கு. இதுக்கு ஏன் முத்திரை இல்ல?" என்று கேட்டார். சோறு கண்டுபிடித்த நாள் முதல் இந்தக் கேள்வியை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அண்டாவின் மூடியைச் சேர்த்து நூல் கட்டி அரக்கு உருக்கி ஊற்றினேன். பிடிக்கவில்லை. விளிம்பில் ஆவி வந்து அரக்கை இளக்கிவிட்டது. இரண்டு தரம் முத்திரை வழிந்து போயிற்று. ஐயா பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அவமானமாக இருந்தது. மாவட்டத்திலேயே நல்ல முத்திரை அல்லவா! உடனே எனக்கு ஒரு யோசனை வந்தது. ஜீப்பில் கிடந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துவரச் சொல்லி, மூன்றாக வெட்டி, மூடியோடு சேர்த்து அண்டாவைப் போர்த்தி, கழுத்தில் கயிறு கொடுத்து இறுக்கிக் கட்டினேன். ஒரு பொட்டு ஆவி வெளியே வரவில்லை. முடிச்சின்மேல் அரக்கு அப்படியே உட்கார்ந்தது. இது என் சொந்த யோசனை. எந்த விதியிலும் உபவிதியிலும் இல்லை. ஐயா முதல்முறையாக என்னைப் பார்த்து, நல்லது என்பதுபோலத் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பாய் ஓடிவந்தார். "சார், சார், சூட்டோட இப்பிடி அடைச்சாப் புளிச்சுப் போயிருமுங்க. ஆவி போவோணுமுங்க."

"மலைல இவ்வளவு குளிர் இருக்கு. கெடாது" என்றார் ஐயா.

"குளிரு வெளியலீங்க இருக்குது? அண்டாவுக்குள்ள சூடுங்க."

"இத எழுத்துல குடுக்கறீங்களா?"

"ஏனுங்க, சோறு கெட்டுப் போறதுக்கு எழுத்து எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏழு வருடம் அவர் கையால் தின்றவன் நான். அடைத்த சோறு ஆகாது என்று அவர் நூறு தரம் சொல்லிக் கேட்டவன். ஆமாம் ஐயா, அவர் சொல்வது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அடுத்த அண்டாவுக்கு அரக்கு உருக்கினேன்.

பதினோரு மணிக்கு வர வேண்டிய விருந்தினர் வரவில்லை. ஏழாவது வளைவில் குமட்டல், பத்தொன்பதாவது வளைவில் நிஜமாகவே, அதன்பிறகு வளைவுக்கு வளைவு நிறுத்தி வருகிறார் என்று செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்று ஐயாவே பேச ஆரம்பித்தார். சமைத்த உணவை எப்படிப் பாதுகாப்பது என்று இரண்டு மணி நேரம் பேசினார். பக்கத்தில் மேஜைமேல் மூன்று அண்டாக்களும் பிளாஸ்டிக்குக்குள் வேர்த்துக்கொண்டிருந்தன.

ஒரு மணி சுமாருக்கு பாய் ஒரு பானை நெய்ச்சோறும் ஒரு சட்டி தால்சாவும் புதிதாகச் செய்து தூக்கிக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. மனசு கேட்காமல் வந்திருக்கிறார். "இதப் போடுங்க சார். அதத் தொறக்காதீங்க. புள்ளைங்களுக்குச் சோறாக்கற அம்மாங்கல்லாம் வந்திருக்குதுங்க" என்றார். நான் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "அது மாதிரி எடுக்காத உணவு. எப்படி அனுமதிக்கறது?" என்றார். நான் திரும்பிவந்து அதையே பாயிடம் சொன்னேன், ஐயா குரலிலேயே சொன்னேன். எங்கள் டிரைவரும் கூடத்து வாட்ச்மேனும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து அந்தச் சோற்றை ஒரு பிடி பிடித்தார்கள். வாசனை உள்ளே வந்தது. ஐயா கை கழுவும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒருவர் காதிலும் ஏறவில்லை.

விருந்தினர் வந்தபோது மணி இரண்டே முக்கால். முகம் வெளுத்து வந்தவர், குத்துவிளக்கை ஏற்றி, கடுங்காப்பி மட்டும் குடித்து, அப்படியே படுத்துவிட்டார். ஐயா இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டு முத்திரைகளைச் சோதிக்கச் சொன்னார். முத்திரைகள் சிதையாமல் நல்ல நிலையில் இருந்தன என்று நான் எழுத, அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கயிற்றை அறுத்து மூடியைத் திறந்தேன். நெய்வாசனைக்கு அடியில் ஒரு புளிப்பு வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. தால்சாவின்மேல் சின்னச் சின்னக் குமிழி. எனக்குத் தெரிந்துவிட்டது. "முத்திரை சரியா இருந்துதா?" என்று ஐயா கேட்டார். "சரியா இருந்துதுங்க ஐயா" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். பரிமாறினார்கள், அகோரப் பசியில் யாருக்கும் வாடை உறைக்கவில்லை. என் பங்குக்கு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். தெரிந்தே தின்றவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் நடந்ததை விவரிக்க மாட்டேன். கூடத்துக்கு ஒரே ஒரு கழிப்பறை, ஆட்கள் நாற்பது என்பதை மட்டும் சொல்கிறேன். தனிநபர் சுகாதாரம் பற்றிப் பேச வந்த அம்மையார் பேச்சுத் தாளை உதறிவிட்டு ஓடினதை என் கண்ணால் பார்த்தேன். எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டிலுக்கு இருவராகப் போட்டு, சலைன் ஏற்றினார்கள். நல்லவேளை, யாருக்கும் உயிராபத்து இல்லை. வாட்ச்மேனும் டிரைவரும் ஜம்மென்று நடந்து எங்களுக்கு இளநீர் வாங்கிவந்தார்கள். கேரியர் சாப்பாடு சாப்பிட்ட ஐயாவுக்கும் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை ஐயா என் கட்டிலுக்கு வந்தார். உட்கார இடமில்லாததால் துடைக்கவும் இல்லை. கையில் டைப் அடித்த நோட்டீஸ். மேற்படி உணவகம் ஆய்வக முடிவு வரும்வரை மூடப்படுகிறது, இப்படிக்கு உணவு ஆய்வாளர். கீழே என் பெயர்.

"ஐயா, காலைல சாப்பாடு நல்லாத்தான் இருந்துது. நாமதான் அடைச்சு..."

"அடைச்சதால கெட்டதுன்னு எழுத்துல இருக்கா?"

"பாய் அப்பவே சொன்னாருங்களே, ஐயா."

"அது எழுத்துல இருக்கா?" என்று கேட்டுவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கினார். "உங்க இடமாறுதல் மனு என் மேஜைலதான் இருக்கு. பாத்துட்டிருக்கேன்." ஊரில் மனைவியோடு இருந்த என் மகள் அந்த வருடம் பத்தாவது போக வேண்டும். ஊர்ப்பக்கம் போக நாலு தரம் மனுப் போட்டிருந்தேன். இடது கையில் சலைன் ஊசி. வலது கை சும்மாத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுந்து போய் நோட்டீஸைக் கடைக் கதவில் நானே ஒட்டினேன். பாய் முழுவதும் படித்தார். "ரிசல்ட்டு எப்பங்க வரும்?" என்றார். ஒரு மாதம் என்றேன். "கடை போனாக்கூடப் போவுதுங்க சார். எங்கூட்டுச் சோத்துல வெசம்னு பேராயிருச்சுங்களே. ரிசல்ட்டு வந்தா நீங்க ஊருக்குச் சொல்லிருங்க, அது போதும்" என்றார். கட்டாயம் சொல்கிறேன் பாய் என்றேன்.

அந்த மாதம் மலையில் அரசாங்கமே இளைத்துப் போயிற்று. பேங்க் மேனேஜர் மூன்று வேளையும் பிஸ்கட் தின்றார். மாட்டு டாக்டர் தன் அறையில் உப்புமா கிண்டப்போய் கையைச் சுட்டுக்கொண்டு, மாட்டுக்குப் போடுகிற களிம்பைத் தனக்குப் போட்டுக்கொண்டார். எல்லோருமாகச் சேர்ந்து, பாய் கடையைத் திறக்க வேண்டும் என்று மாவட்டத்துக்கு மனுப் போட்டார்கள். அது ஐயாவிடம் போய், விசாரித்து அறிக்கை தரவும் என்று என்னிடமே திரும்பிவந்தது. என்னை நானே விசாரித்து, பரிசீலனையில் உள்ளது என்று பதில் எழுதினேன்.

இரண்டாவது மாதத் தொடக்கத்தில் ஆய்வக முடிவு வந்தது. காலை ஒன்பது மணிக்கு எடுத்த மாதிரி நல்ல உணவு, குறையில்லை. உறையைப் பிரித்து வாசித்தபோது எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஐயாவிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டு, மாதிரி எடுத்த நேரத்தை மறுபடி பார்த்தார். ஒன்பது மணிக்கு நன்றாக இருந்த சோறு மூன்று மணிக்குக் கெட்டிருக்கிறது என்றால், இடையில் அது யாருடைய முத்திரைக்குள் இருந்தது? கேள்வி எழுத்தில் இல்லாவிட்டாலும் அவருக்கு விளங்கிவிட்டது. "இத உணவகத்துக்கு அனுப்பணும்னு தேதி எதுவும் குறிப்பிடல. இப்போதைக்குக் கோப்புல இருக்கட்டும்" என்றார். என் மனுவின்மேல் கையை வைத்தபடிதான் சொன்னார். நான் காகிதத்தைக் கொண்டுவந்து என் மேஜை டிராயரில் வைத்தேன். விரைவான நடவடிக்கைக்காக ஐயாவுக்கும் எனக்கும் அந்த வருடம் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு பாய் வாடகைக் கடையைக் காலிசெய்துகொண்டு சேந்தமங்கலத்துக்கு இறங்கிப் போய்விட்டார். போகிற அன்றும் ஆபீஸ் வாசலுக்கு வந்து, "ரிசல்ட்டு வந்துச்சுங்களா சார்?" என்று கேட்டார். இன்னும் இல்லை பாய் என்றேன். டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

இடமாறுதல் உத்தரவு வருவதற்கு மொத்தம் பத்து மாதம் ஆயிற்று. உத்தரவு கைக்கு வந்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. முடிவின் நகல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூட்டை முடிச்சோடு மலை இறங்கி, சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பாய் தன் மச்சானின் செருப்புக் கடையில் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்குச் செருப்பு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் காகிதத்தை நீட்டினேன். "பாய், உங்க மேல தப்பில்லன்னு எழுத்துல வந்திருச்சு" என்றேன். வெட்கங்கெட்டவன், சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு மேலே போட்டிருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது வந்து ரொம்ப நாளாச்சுங்களாட்டிருக்குது. எங்கீங்க இருந்துச்சு?"

"என் டிராயர்ல பாய்."

"நான் அன்னிக்கு ஆபீசுக்கு வந்து கேட்டப்பவுங்களா?"

"ஆமா பாய்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். "நானும் பாத்திமாளும் பேசிக்குவோமுங்க. இன்ஸ்பெக்டர் சாரு நம்ம சோத்தத் தின்னவரு, ஒரு நாளைக்கு வந்து சொல்லுவாரு, மறுபடி மேல போலாம்னு. அதுக்குத்தான் பெஞ்சு, சட்டி, அண்டா ஒண்ணையும் குடுக்காம வெச்சிருந்தேன். போன மாசந்தானுங்க எடைக்குப் போட்டேன்" என்றார்.

நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். திரும்பவும் திறக்கலாம் பாய், அனுமதிக்கு நான் எழுதுகிறேன், எல்லா ஆபீஸிலும் உங்களைத்தான் கேட்கிறார்கள் என்றேன். அவர் காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்தார். "மூடச் சொன்னத கதவுல ஒட்டுனீங்க, மல பூராவும் படிச்சுது. இத எந்தக் கதவுலீங்க ஒட்டறது?" என்று கேட்டு, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

உச்சி நேரம். உள்ளே அக்கா தாளித்துக்கொண்டிருந்தார். மிளகு வாசனை வந்தது. பிறகு தட்டு எடுத்துவைக்கிற சத்தம். அக்கா வெளியே வரவில்லை. நம் பக்கத்தில் பகையாளி வந்து நின்றாலும், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க என்று வாய் தன்னால் சொல்லிவிடும். நான் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன். கூசாமல் காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"நாமக்கல் பஸ்ஸு வார நேரமாச்சுங்க சார். விட்டா வெயில்ல நிக்கோணும்" என்றார் பாய். என் மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தார், பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார், ஜன்னலோரம் இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து என்னை ஏற்றிவிட்டார். அவ்வளவு மரியாதையாக என்னை எவரும் வெளியே அனுப்பியதில்லை. நாமக்கல் வரும் வரைக்கும் எனக்குப் பசித்துக்கொண்டே இருந்தது.